இரண்டு அபாயங்கள்

யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருளை, யாரும் கேட்டிராத கவனத்தோடு செய்வதற்கு ஒழுக்க ரீதியான மதிப்பு ஏதும் உண்டா? கலையை வைத்து இதைக் கேட்டால் பதில்கள் தயாராக இருக்கின்றன. அவை கலைஞர்கள் தமக்காகத் தயாரித்துக்கொண்ட பதில்கள் என்பதால் அவற்றை நம்ப எனக்குத் தயக்கம். ஆகவே கலை என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். பிளைவுட் பலகையில் படத்தை ஒட்டி, நூலிழை போன்ற ரம்பத்தால் கோட்டின் மீதே அறுத்தெடுக்கிற பிரெட் ஒர்க். சுவரில் மாட்டும் பிள்ளையார், மயில்மீது முருகன், சாவி தொங்கவிடும் பலகை, வாசலில் வீட்டின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பளம் வேறெங்கோ வாங்குகிறவர்கள் செய்வது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இதற்கு மரமும் இல்லை, மரபும் இல்லை. காட்டில் கிடைப்பது சீமைக்கருவேல். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். பிளைவுட் வெளியூரிலிருந்து வருகிறது. ரம்பமும் அப்படியே. வெட்டும் முறை ஐரோப்பாவிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1895ல் தொடங்கிய ‘ஹாபீஸ்’ வார இதழ், வெட்டுவதற்கான படத்தாள்களையும் சேர்த்தே வாசகர்களுக்குக் கொடுத்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவர் இதைச் செய்தால் அவருடையது என்று மிஞ்சுவது கையும் நேரமும் மட்டும்தான். மரபு, மண், தேவை என்று வழக்கமாக நாம் ஒரு கைவேலைக்குத் தேடித் தரும் நியாயங்கள் எதுவும் இதற்குக் கிடையாது. நான் இதைத் தேர்ந்தெடுக்க அதுவே காரணம்.

செய்முறை எளிது. கோட்டின் உட்புறத்தை அகற்ற வேண்டிய இடங்களில் முதலில் சிறு துளை போட வேண்டும். பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, அந்தத் துளைக்குள் நுழைத்து, மறுபடி இறுக்கி அறுக்க வேண்டும். முடிந்ததும் கழற்றி அடுத்த துளை. ஐம்பது இடைவெளிகள் உள்ள படம் என்றால் ஐம்பது முறை கழற்றி மாட்டல். முனைகளில் பலகையைத் திருப்ப வேண்டும். ரம்பத்தைத் திருப்பினால் பிளேடு ஒடியும். அவசரப்பட்டாலும் ஒடியும். மோட்டார் வைத்த மேஜை ரம்பத்தில் கை வலி குறையும். ஆனால் பலகையைக் கோட்டின் வழியே நடத்துவது அங்கேயும் கைதான்.

தமிழில் பெயர்ப்பலகை வெட்டுகிறவருக்கு மட்டும் உரிய ஒரு சங்கடம் உண்டு. ‘இல்லம்’ என்று வெட்ட வேண்டும். எழுத்துகளை ஒன்றையொன்று தொடும்படி அமைத்துவிடலாம். புள்ளி எதையும் தொடாது. கோட்டை நம்பி வெட்டினால் இரண்டு புள்ளிகளும் மேஜைக்கு அடியில் விழுந்து, ‘இலலம’ மிஞ்சும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடாமலே விட்டார்கள், படிப்பவர் சேர்த்துக்கொண்டார். வாசற்பலகைக்கு அந்தச் சலுகை இல்லை. பின்னால் ஒரு பலகை வைத்துப் புள்ளியைத் தனியே ஒட்டலாம். அல்லது ஒரு மெல்லிய காம்பு விட்டு எழுத்தோடு பிணைக்கலாம். காம்பு தடித்தால் எழுத்து கெடும், மெலிந்தால் உப்புத்தாள் தேய்க்கும்போதே முறியும். தெருவிலிருந்து பார்க்கிறவருக்குப் புள்ளி தனியே நிற்பதாகத் தோன்ற வேண்டும். எந்த ஆங்கிலப் படத்தாளிலும் இதற்கு விடை கிடையாது. வெட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி இந்தப் பலகையை ரஸ்கின் முன் கொண்டுபோய் வைப்போம். 1853ல் வெளிவந்த ‘ஸ்டோன்ஸ் ஆஃப் வெனிஸ்’ இரண்டாம் தொகுதியில், காதிக் கட்டடக் கலையின் இயல்பு பற்றிய அத்தியாயத்தில், அவர் மூன்று விதிகள் சொல்கிறார். கற்பனைக்குப் பங்கில்லாத பொருள் அத்தியாவசியமாக இருந்தாலொழிய அதன் உற்பத்தியை ஆதரிக்காதே. துல்லியத்தை அதன் பொருட்டே கேட்காதே. பெரிய படைப்புகளைப் பதிவு செய்து காப்பதற்காக அன்றி நகல் எடுப்பதை ஊக்குவிக்காதே. பிரெட் ஒர்க் மூன்றிலும் தோற்கிறது. படம் இன்னொருவருடையது. கோட்டிலிருந்து விலகாமலிருப்பதே திறமை. பொருள் தேவையற்றது. ரஸ்கினுக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது: அடுத்தவன் வரைந்த கோட்டில் ஆயுள் முழுவதும் நடக்கும் தொழிலாளி கருவியாகிவிடுகிறான் என்று அவர் கண்டார். ஆனால் நம்முடைய ஞாயிற்றுக்கிழமைக்காரர் அந்தக் கோட்டில் தாமாக நடக்கிறார். யாரும் நடக்கச் சொல்லவில்லை. ரஸ்கினின் விதிகள் பொருளைப் பார்த்தும் சொல்லப்பட்டவை, மனிதனைப் பார்த்தும் சொல்லப்பட்டவை. இங்கே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

கான்ட்டிடம் போனாலும் இடம் கிடைக்காது. 1790ல் எழுதிய நூலில் அவர் கலையைக் கைத்தொழிலிலிருந்து பிரிக்கிறார்: கலை விளையாட்டைப் போல் தன்னளவிலேயே இனியது; கைத்தொழில் தன்னளவில் சுமை, கூலிக்காகவே ஏற்கப்படுவது. கைத்தொழிலை விளையாட்டாகச் செய்கிறவரை அந்தப் பிரிவினையில் எங்கே வைப்பது? அவர் செய்வதில் சுதந்திரம் இருக்கிறது, சுயகற்பனை இல்லை. சுமை இருக்கிறது, கூலி இல்லை.

இந்த இடத்தில் உதவிக்கு வருகிறவர் டேவிட் பை. தாமே மரத்தில் வேலை செய்தவர். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் மேஜை நாற்காலி வடிவமைப்புப் பேராசிரியர். கைத்திறனின் இயல்பைப் பற்றி 1968ல் எழுதிய புத்தகத்தில் ரஸ்கினை நேரடியாக மறுக்கிறார். கையால் செய்தது, இயந்திரத்தால் செய்தது என்ற பாகுபாடு அவருக்கு முக்கியமில்லை. வேலை முடியும்வரை விளைவு கெட்டுப்போகும் அபாயம் நீடிக்கிறதா, அல்லது தொடங்குமுன்பே விளைவு நிச்சயமாகிவிட்டதா என்பதுதான் அவருடைய கேள்வி. முதலாவது அபாயத்தின் கைத்திறன், இரண்டாவது நிச்சயத்தின் கைத்திறன். படத்தை யார் வரைந்தார்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. புள்ளியின் காம்பை விடும்போது கை தவறினால் அதுவரை செய்ததெல்லாம் வீண். ஆகவே பிரெட் ஒர்க் அபாயத்தின் கைத்திறன். தலை நிமிர்ந்து நிற்கலாம். இன்று அதே பெயர்ப்பலகையைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் லேசர் இயந்திரம் சில நிமிஷங்களில் வெட்டித் தந்துவிடுகிறது, புள்ளி காம்பு உட்பட. நிச்சயம் மலிவாகக் கிடைக்கும்போது அபாயத்தை ஒருவர் தேடிப் போகிறார் என்றால், அவருக்கு வேண்டியது பலகை அல்ல, அந்த அபாயம்.

இதுவரை சரி. பை சொன்னதை இங்கிலாந்தில் படித்தால் இத்தோடு திருப்தி அடையலாம். அருப்புக்கோட்டையில் படித்தால் முடியாது. பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் கேட்கும்.

தறியில் உட்காருகிறவரும் இன்னொருவர் கொடுத்த டிசைனில்தான் வேலை செய்கிறார். கரை பாவிலேயே தீர்மானமாகி வருகிறது. கைத்தறியில் ஊடை அடிக்கும் அழுத்தம் சற்று மாறினாலும் சேலையில் தெரியும். இழை அறுந்தால் நிறுத்தி, முடிச்சிட்டு, மறுபடி தொடங்க வேண்டும். பையின் கணக்குப்படி இதுவும் அபாயத்தின் கைத்திறன்தான். ஞாயிற்றுக்கிழமைக்காரரின் வேலையிலிருந்து இது எந்த விதத்திலும் வேறுபடவில்லை. ஆனால் பிளேடு ஒடிந்தால் போவது சில ரூபாய். பலகை கெட்டால் வேறு பலகை. சேலையில் பழுது விழுந்தால் கூலியில் பிடித்தம். கை சுணங்கினால், சேலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருடைய வீட்டில் அந்த வாரம் தெரியும். விசைத்தறி வந்தபின் நெசவு நிச்சயத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது, நெசவாளியின் வாழ்க்கை நகரவில்லை.

அபாயம் என்ற சொல்லில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, செய்யப்படும் பொருளுக்கு நேரக்கூடிய அபாயம். மற்றது, செய்கிறவருடைய வயிற்றுக்கு நேரக்கூடிய அபாயம். பை முதலாவதைப் பற்றி மட்டுமே பேசினார். பொழுதுபோக்கு என்று நாம் சொல்வதன் இலக்கணம் இப்போதுதான் தெளிவாகிறது: முதல் அபாயத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டு, இரண்டாவது அபாயம் சிறிதும் இல்லாமல் செய்யப்படும் வேலை. மில் வேலையில் முதலாவது இல்லை, இரண்டாவது மட்டும் உண்டு. தறியில் இரண்டும் உண்டு. ஒரே கருவிகூட இரண்டு பக்கமும் நிற்கும். மைசூரில் ஈட்டி மரத்தில் பதிவேலை செய்யும் கைவினைஞர் இதே இழை ரம்பத்தைப் பிடிப்பது கூலிக்காக.

இந்த வித்தியாசம் பொருளில் தெரியுமா? தெரியாது. பிடித்தத்துக்குப் பயந்து காட்டிய கவனமும், விரும்பிக் காட்டிய கவனமும் ஒரே மாதிரி நேர்த்தியைத்தான் விட்டுச்செல்கின்றன. பொருளை மட்டும் பார், செய்தவனைப் பார்க்காதே என்று விமர்சனத்தில் நமக்கு நாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு, ஒழுக்கம் பற்றிய இந்தக் கேள்வியில் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அந்த ஒழுங்கு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சேலை நன்றாயிருக்கிறதா என்பதற்கு அது விடை சொல்லும். நெய்தவருக்கு நியாயம் நடந்ததா என்பதைப் பற்றி அதற்கு வாய் கிடையாது. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றதற்கும் போதும் என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. கைத்தறிச் சேலையின் ‘உயிர்ப்பை’ வியந்து எழுதுகிற கட்டுரைகள் பெரும்பாலும் இதைத்தான் செய்கின்றன.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக்காரர் வெட்கப்பட வேண்டுமா? அவருடைய கவனம் பசியறியாதவனின் ஆடம்பரம் என்று தள்ளிவிடலாமா? இந்த வாதம் நம்மிடையே செல்வாக்கு உள்ளது, சுலபமாகவும் இருக்கிறது. எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. பொருளுக்கு அபாயம் இருந்து, வயிற்றுக்கு அபாயம் இல்லாத வேலை என்பது வேலையின் சீரழிவு அல்ல. எல்லா வேலையும் அப்படி இருந்தால் நல்லது என்று நாம் விரும்பக்கூடிய நிலை. அதை ஒருவர் வாரத்தில் நான்கு மணி நேரம் அடைகிறார். மற்றவருக்கு அது ஆயுளில் வாய்ப்பதில்லை. அநீதி இருப்பது பங்கீட்டில். பிளைவுட் பலகையை உடைத்துப்போடுவதால் அது நேராகாது.

திருச்சுழியில் 1879ல் பிறந்து, பின்னால் திருவண்ணாமலையில் இருந்துவிட்ட ரமணர் ஒருமுறை மரவேலை செய்திருக்கிறார். ஆசிரமத்து உரையாடல் பதிவுகளில் இருக்கும் சம்பவம். வேலூரிலிருந்து வந்த ஒரு பண்டிதர் நிஷ்காம்ய கர்மம் என்றால் என்ன என்று கேட்டார். பதில் இல்லை. பிறகு மலைமேல் நடக்கும்போது வழியில் கிடந்த முள்கிளை ஒன்றை ரமணர் எடுத்தார். உட்கார்ந்து முள்ளைக் களைந்து, கணுக்களைச் சீவி, சொரசொரப்பான இலையால் தேய்த்து வழவழப்பாக்கினார். ஏறக்குறைய ஆறு மணி நேரம். எல்லாரும் புறப்பட்டபோது, கோலைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்த ஒரு மேய்ப்பச் சிறுவன் எதிர்ப்பட்டான். ரமணர் அதை அவனிடம் கொடுத்துவிட்டு மேலே நடந்தார். தம் கேள்விக்கு இதுவே விடை என்று பண்டிதர் புரிந்துகொண்டார்.

பற்றில்லாமல் கொடுத்ததைத்தான் இந்தக் கதையில் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு அந்த ஆறு மணி நேரம் முக்கியமாகப் படுகிறது. ஆடு மேய்க்கும் கோலுக்கு இவ்வளவு வழவழப்பு வேண்டியதில்லை. யாருக்கு என்று தெரியுமுன்பே, தேவைக்கு மேலேயே கவனம் செலுத்தப்பட்டுவிட்டது. தேவை வந்தது பிற்பாடு, தற்செயலாக. பலன் கருதாத வேலை என்றால் ஏனோதானோ என்று செய்வது என்ற அர்த்தத்துக்கு இங்கே இடமில்லை. பலன் விலகிய பிறகும் நேர்த்தி மிஞ்சி நிற்க வேண்டும்.

இரண்டாவதாக அந்தச் சிறுவன். அவனை யாரும் கவனிப்பதில்லை. விடையை முடித்துவைக்க வந்த பாத்திரமாகவே நிற்கிறான். கோல் இல்லாவிட்டால் ரமணருக்கு ஒன்றும் ஆகாது. சிறுவனுக்கு ஆகும். மந்தை அவனுடையதாயிராது, ஒரு ஆடு தவறினால் பதில் சொல்ல வேண்டியவன் அவன். வயிற்றுக்கு அபாயமில்லாத ஒருவர் செய்த பொருள், வயிற்றுக்கு அபாயமுள்ள ஒருவனிடம் போய்ச் சேர்ந்தது. ஞானத்தைப் பற்றி நான் பேசவில்லை. சுதந்திரமாகச் செய்யப்பட்ட வேலையின் திசை எதுவாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ‘நானே செய்தது’ என்று சுவரில் மாட்டி, வருகிறவர்களிடம் காட்டும்போது பிரெட் ஒர்க் சிறுத்துப்போவதும் இதனால்தான். அங்கே பலன் வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

இதைப் படிக்கிற நாமும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களே. வேறெங்கோ சம்பளம் வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காத கவிதைகளை எழுதி, சில நூறு பிரதிகள் அச்சிடுகிறோம். ஓர் இதழ் தவறினால் யார் வீட்டிலும் உலை கொதிக்காமல் இருக்கப்போவதில்லை. எழுத்துக்காகத் தியாகம் செய்வதாக நாம் பேசிக்கொள்வது இரண்டாவது அபாயத்தை இரவல் வாங்கும் முயற்சி. அது நமக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்வது நாணயம். அதை ஒத்துக்கொண்டபின் முதல் அபாயத்தில் சலுகை கேட்க முடியாது. நெசவாளிக்குக் கை சுணங்கியதற்குக் காரணம் சொல்லலாம்: பசி, கடன், கெடு. நமக்கு எந்தக் காரணமும் இல்லை. புள்ளி விழுந்தால் நாம் விழவிட்டது.