அமானிதமா, ஈடா?

உல்லாசப் பயணக் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் பல நாடுகளின் துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் சில பயணங்களில், ஏறும்போதே பயணிகளின் கடவுச்சீட்டுகளைக் கப்பல்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். பதிலுக்கு ஒரு பற்றுச்சீட்டு கொடுப்பார்கள். கப்பல் துறையை அடைந்ததும் குடிவரவு அதிகாரிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். மூவாயிரம் பேர் வரிசையில் நிற்கத் தேவையில்லை. பயணி கப்பல் கொடுத்த அட்டையையும் கடவுச்சீட்டின் நிழற்பிரதியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் பார்க்க இறங்குவார். பயணம் முடியும்போது புத்தகம் அவர் கைக்குத் திரும்பி வரும்.

இதைப் பற்றி முணுமுணுக்கும் பயணிகள் இருக்கிறார்கள். அந்நிய நாட்டில் என் பெயரையும் ஊரையும் சொல்ல எனக்கிருக்கும் ஒரே சாட்சி, அது ஏன் இன்னொருவர் பெட்டிக்குள் கிடக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வேறு சிலர், இதிலென்ன இருக்கிறது, பத்திரமாகத்தானே இருக்கிறது என்று சிரிக்கிறார்கள். முணுமுணுப்பவர்களைக் கோழைகள் என்று நான் எண்ணவில்லை. அடையாள அட்டை கையில் இல்லாத ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளமானது என்பது, போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்ற நம் தலைமுறைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய சங்கதியல்ல.

ஒருவருடைய கடவுச்சீட்டை இன்னொருவர் வைத்திருப்பது சரியா, பிழையா என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பெயரில் வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பிறர் பொருள் நம் கையில் இருப்பதற்கு நம்முடைய பிக்ஹு மரபில் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் இரண்டு இங்கே தேவைப்படுகின்றன.

ஒன்று வதீஆ. பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பொருள். நம் ஊர் வழக்கில் அமானிதம். ஏற்றுக்கொண்டவர் தம் பொருளைப்போல் அதைப் பேண வேண்டும். அவருடைய கவனக்குறைவு இல்லாமல் அது அழிந்துபோனால் அவர் மீது குற்றமில்லை. ஆனால் உரியவர் கேட்கும்போது கொடுக்க வேண்டும். தக்க காரணமின்றி மறுத்தால், மறுத்த அந்தக் கணத்திலிருந்து அவர் பாதுகாவலர் அல்லர், பறித்து வைத்திருப்பவர். நேற்றுவரை அதே அலுமாரியில் அதே பூட்டுக்குள் அமானிதமாக இருந்த பொருள், உரியவர் வாயிலிருந்து “தாருங்கள்” என்ற சொல் வந்து அது மறுக்கப்பட்டதும் வேறொன்றாக மாறிவிடுகிறது. இதைவிட நுட்பமான ஒரு அளவுகோலை நான் வேறெங்கும் காணவில்லை.

மற்றது ரஹ்ன், ஈடு. கடன் கொடுத்தவர் தம் கடனுக்குப் பிணையாக வைத்திருக்கும் பொருள். கடன் தீரும்வரை அவர் அதைத் திருப்பித் தரத் தேவையில்லை. இதில் இழிவொன்றும் கிடையாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களது போர்க்கவசம் வாற்கோதுமைக் கடனுக்காக மதீனாவின் யூதர் ஒருவரிடம் ஈடாக இருந்தது என்பது நாம் சிறுவயதிலேயே கேட்ட செய்தி. ஆச்சரியம் என்னவென்றால், அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் பயணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் ஈட்டையும் அமானிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. பயணியின் நிலை எவ்வளவு பலவீனமானது என்பது அந்தப் பாலைவனத்து வணிகருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இனிக் கப்பலுக்குப் போவோம். பயணியின் கடவுச்சீட்டு அங்கே அமானிதமா, ஈடா? ஒரு சிறு நடைமுறை விடை சொல்கிறது. கரைக்குப் போன பயணி நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் புறப்பட வேண்டிய வேளை வந்துவிட்டது. அப்போது அவருடைய கடவுச்சீட்டை எடுத்து அந்தத் துறைமுகத்து முகவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் நங்கூரம் தூக்குவது வழக்கம். அறையிலிருக்கும் பெட்டிக்குள் அவர் வைத்துச் சென்றிருந்தாலும்கூடத் திறந்து எடுத்து அனுப்புவார்கள். கப்பல் ஒரு வழி, மனிதர் ஒரு வழி என்று பிரியும்போது புத்தகம் மனிதரோடு போகிறது. இது அமானிதத்தின் இலட்சணம். முணுமுணுக்கும் பயணியிடம் இதைச் சொல்லலாம். அவர் கேட்டால் முகப்பு மேசையில் கொடுப்பார்கள். அதிகாரிகளின் கையில் இருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல்வார்கள். பொறுக்கச் சொல்வது மறுப்பல்ல.

ஆனால் அதே கப்பலில் இன்னொரு கூட்டமும் பயணம் செய்கிறது. சமைப்பவர், கட்டில் விரிப்பவர், இயந்திர அறையில் வியர்ப்பவர். அவர்களுடைய கடவுச்சீட்டுகளையும் கப்பலே வைத்திருப்பது பரவலான வழக்கம். கடலோடிகளின் அடையாள ஆவணம் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 1958இல் செய்த 108ஆம் இலக்கச் சமவாயம், அந்த ஆவணம் எப்போதும் கடலோடியின் கையிலேயே இருக்க வேண்டும் என்று விதித்தது. விலக்கு எதுவும் சேர்க்கவில்லை. 2003இல் அதைத் திருத்தி வந்த 185ஆம் இலக்கச் சமவாயத்தின் 7ஆம் உறுப்புரையில் ஒரு விலக்கு நுழைந்தது. கடலோடி எழுத்தில் சம்மதம் தந்தால், பாதுகாப்புக்காகக் கப்பலின் தலைவர் வைத்திருக்கலாம். நாற்பத்தைந்து ஆண்டுகளில் நடந்த இந்தச் சிறு மாற்றத்தை நல்லதென்றும் சொல்லலாம், கெட்டதென்றும் சொல்லலாம். நடைமுறையில் இருந்த ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொண்டு அதற்கு எழுத்துமூலச் சம்மதம் என்ற கடிவாளத்தைப் போட்டார்கள் என்பது ஒரு பார்வை. அந்தக் கடிவாளம் எவ்வளவு இறுகும் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

கடலோடியைவிட நமக்கு நெருக்கமான ஒருத்தி இருக்கிறாள். நம் கிராமங்களில் அவள் இல்லாத ஒழுங்கை இல்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் பணிப்பெண்ணாகப் போனவள். வாத்தியார் என்பதால் விண்ணப்பம் எழுதவும் கடிதம் வாசிக்கவும் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. மகளை அழைப்பிக்க ஒரு மனு எழுதித் தரக் கேட்டு வந்த தாயொருவரிடம், பிள்ளையின் கடவுச்சீட்டு யாரிடம் என்று கேட்டேன்.

“அது அவங்கட கையிலதான் இரிக்கி சேர். பத்திரமா வெச்சிரிக்காங்களாம். கேட்டா, ரெண்டு வருசம் முடியட்டும் எண்டு சொல்றாங்களாம்.”

பத்திரம் என்றால் ஆவணம். பத்திரம் என்றால் பாதுகாப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதன் கொடுமையை அன்றுதான் உணர்ந்தேன். அந்தத் தாயின் வாக்கியத்தில் அமானிதமும் இருந்தது, அதன் மறுப்பும் இருந்தது. அவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

கேட்டால் கிடைக்காதென்றால் அது அமானிதமல்ல. அப்படியானால் ஈடா? எசமானர்களின் தரப்பை நியாயமாகக் கேட்போம். வீசாவுக்குச் செலவிட்டேன், முகவருக்குக் கொடுத்தேன், விமானச் சீட்டு வாங்கினேன், மூன்றாம் மாதம் அவள் ஓடிப்போனால் என் பணத்துக்கு யார் பொறுப்பு என்கிறார்கள். பொய்யான கவலையென்று தள்ளிவிட முடியாது. அத்தனை செலவிட்டுக் கைவிடப்பட்ட வீடுகளும் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஷாபிஈ சட்ட நூல்களில் ஈட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எதை விற்கலாமோ அதைத்தான் ஈடு வைக்கலாம். காரணம் எளிது, கடன் தீராவிட்டால் ஈட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டை விற்க முடியுமா? சந்தையில் அதற்கு ஒரு சதமும் பெறாது. பல நாடுகளின் கடவுச்சீட்டுகளில் அது அரசின் சொத்து என்றே அச்சிடப்பட்டிருக்கும். அவளாலேயே விற்க முடியாத ஒன்று. வைத்திருப்பவருக்கு அந்தத் தாள்களால் ஒரு பயனுமில்லை. உரியவளிடம் அது இல்லாதிருப்பதுதான் அவருக்குப் பயன். அவர் பூட்டி வைத்திருப்பது அவளுடைய கால்களை. சுதந்திரமான மனிதரை விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது என்பதில் நம் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

அமானிதமுமில்லை, ஈடுமில்லை. மிஞ்சுவது பணயம் என்ற தமிழ்ச் சொல்தான்.

இது இஸ்லாமிய மண்ணில் நடக்கிறது என்பதுதான் நமக்கு வலி. ஆனால் அந்த நாடுகளின் சட்டத்தை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. தொழில் கொள்வோர் கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கக்கூடாதென்று சவூதி அமைச்சரவை 2000ஆம் ஆண்டிலேயே 166ஆம் இலக்கத் தீர்மானத்தால் தடுத்திருந்தது. 2011இல் வந்த 189ஆம் இலக்கச் சமவாயம், வீட்டுப் பணியாளர் தம் ஆவணங்களைத் தம்மிடமே வைத்திருக்கும் உரிமையை எழுதி வைத்தது. அடையாள ஆவணங்களைத் தடுத்து வைத்தல், கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் ஒன்றாகத் தொழிலாளர் தாபனத்தின் பட்டியலில் இருக்கிறது. எழுத்துக்குக் குறைவில்லை. சவூதியில் 2021 மார்ச்சில் தொழிலாளருக்கு வந்த சீர்திருத்தங்கள் வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்திவிட்டு வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். எசமானியின் வீட்டிலிருந்து தூதரகத்துக்கு ஓடிவரும் பெண்ணுக்குத் தற்காலிகப் பயண ஆவணம் தயாரிக்க வேண்டி வருவது ஏன்? அவள் ஒரு வழி, வீடு ஒரு வழி என்று பிரிந்தபோது புத்தகம் வீட்டோடு நின்றுவிட்டது. கப்பலில் இதற்கு நேர்மாறு.

ஹஜ்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. போய்வந்த மூத்தவர்களைக் கேளுங்கள். போய் இறங்கியதும் கடவுச்சீட்டு முஅல்லிமின் அலுவலகத்துக்குப் போய்விடும். கையில் ஒரு வளையமோ அட்டையோ இருக்கும். திரும்பும் நாளில்தான் மீண்டும் காண்பார்கள். இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் தொலையாமல் காப்பது ஒரு காரணம். வந்தவர் அங்கேயே தங்கிவிடக்கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதைச் சொல்லத் தயங்குவார்கள். ஓர் அரசுக்கு அந்தக் கவலை இருக்கக்கூடாதென்று நான் சொல்ல மாட்டேன். வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் மரியாதை. அமானிதம் என்ற புனிதமான சொல்லை எல்லா அலுமாரிக்கும் மேல் ஒட்டிவிடக்கூடாது.

இனி எழுத்துமூலச் சம்மதம். கட்டாரின் 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி எசமானரைக் கட்டளையிடுகிறது. தொழிலாளி எழுத்தில் கேட்டுக்கொண்டால் மட்டும் வைத்திருக்க அனுமதிக்கிறது. கடலோடிகளின் சமவாயத்தில் கண்ட அதே கடிவாளம். படிப்பவருக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அறபு எழுத்தறியாத ஒருத்தி, நாட்டுக்கு வந்த முதல் நாளில், சம்பளம் கொடுக்கப் போகிறவரின் மேசைக்கு முன்னால் நின்று வைக்கும் கையெழுத்து எதற்குச் சம்மதம்? மறுக்க முடியாத இடத்தில் வாங்கப்படும் “ஆம்” வெறும் மை. பாடசாலைகளிலும் இதன் சிறு வடிவத்தைக் கண்டிருக்கிறேன். நூலகப் புத்தகம் திரும்பும்வரை விடுகைப் பத்திரத்தைத் தடுத்து வைப்பார்கள். பெற்றாரிடம் கேட்டால் “சரி சேர்” என்றுதான் சொல்வார்கள். வேறென்ன சொல்வார்கள்?

உல்லாசக் கப்பலின் பயணி முணுமுணுக்க முடிகிறது. அவரிடம் பணம் இருக்கிறது, அவருடைய தூதரகம் தொலைபேசியை எடுக்கும், அடுத்த முறை வேறு கப்பலில் ஏறுவார். அவருடைய பொருளைப் பேணுவது கப்பலுக்கு எளிது, பேணாவிட்டால் நட்டம். இதை நாணயம் என்பதைவிடக் கணக்கு என்பதே பொருத்தம். நாணயம் தெரிய வருவது, கேட்கத் திராணியற்றவரின் பொருள் கையிலிருக்கும்போது. அல்லது பகைவனின் பொருள் இருக்கும்போது. ஹிஜ்ரத் இரவில் நபிகளார் (ஸல்) மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அந்த ஊரார் ஒப்படைத்திருந்த பொருட்கள் அவர்களிடம் இருந்தன. கொல்லச் சூழ்ச்சி செய்த ஊர் அது. வைத்துக்கொண்டாலும், நட்டஈடு என்று கொண்டு போனாலும் கேட்பதற்கு ஆளில்லை. அலீ (ரழி) அவர்களைப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொன்றையும் உரியவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அலீ (ரழி) அதற்காக மூன்று நாட்கள் அந்த ஊரில் தங்கினார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

தொலைந்துபோகும், அவள் கவனமற்றவள் என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரு யோசனை உண்டு. கப்பலின் அறைகளில் பயணிக்கென்று சிறிய இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இலக்கத்தை அவரே தெரிவு செய்வார். பணிப்பெண் படுக்கும் இடத்தில் அவ்வளவு வேண்டாம். ஒரு லாச்சி, ஒரு பூட்டு, சாவி அவள் கையில். பல வருடம் ஆட்களை அனுப்பிய துணை முகவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கெட்டவரல்ல, ஐவேளை தொழுகிறவர். வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

“சாவி அவள்ட கையில இரிந்தா, அவள் பெய்த்திருவாளே சேர்.”