மேடைக்கு முன்னால் செல்போன்

மதுரை மாவட்டத்தின் பேரையூர், டி.கல்லுப்பட்டி, சாப்டூர் வட்டாரக் கிராமங்களில் பங்குனிப் பொங்கல் வந்தால் ராத்திரிக்கு நாடகம் உண்டு. பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்'. விடிய விடிய நடக்கும். கதை தொடங்குமுன் பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்குவார்கள். படம் எடுக்கச் செல்போன்கள் அப்போதுதான் உயர்கின்றன. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் நேரத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிடும்.

திரை வழியே பார்ப்பவர் நேரில் பார்க்கும் சுகத்தை இழக்கிறார் என்பார்கள். அது அவர் இழப்பு, அவர் பாடு. அறம் பற்றிய கேள்வி அடுத்தவரைத் தொடும் இடத்தில்தான் எழுகிறது. பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு முன்வரிசைக் கை மேடையை மறைக்கிறது. அதைவிடப் பெரிய கேடு மேடையில் ஆடும் பெண்ணுக்கு. பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சுக்கு அவர் சுடச்சுடப் பதில் கொடுப்பார். பபூன் வாயடைத்து நிற்பார். கூட்டம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று சிரிக்கும். அந்தப் பதிலை வெட்டிவிட்டு, ஒரு அசைவை மட்டும் மேடைக்குக் கீழிருந்து எடுத்து, கூசும் தலைப்போடு யூடியூபில் ஏற்றுகிறார்கள். அது அவர் பிள்ளை படிக்கும் பள்ளி வரைக்கும் போகும். ஊர் பேசிய சம்பளம் அந்த இரவின் ஆட்டத்துக்கு. இதற்கு அவர் சம்மதிக்கவே இல்லை.

அதே சமயம், துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சொந்த ஊர்த் திருவிழாவைப் பார்ப்பது வீடியோ காலில்தான். நல்ல பாட்டுக்காரரை வெளியூர்க்காரர்கள் தேடி வருவதும் இந்தப் படங்களால்தான். ஆகவே முழுத் தடை நியாயமாகாது.

முழுத் தடை நடைமுறைக்கும் ஒத்துவராது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 பிப்ரவரித் தீவிபத்துக்குப் பிறகு, மார்ச் முதல் செல்போனுக்கு அனுமதி இல்லை. 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் இத்தடையைக் கொண்டுவரச் சொன்னது. ஆனால் கோயிலுக்கு மதிலும் வாசலும் உண்டு. டோக்கன் கொடுத்து வாங்கி வைக்க முடியும். அமெரிக்காவில் சில கலைஞர்கள் ரசிகர்களின் போனைப் பூட்டுப் பைக்குள் போடச் சொல்கிறார்கள். நாலு பக்கமும் திறந்த பொட்டலில் போட்ட மேடைக்கு இது எதுவும் ஆகாது. அங்கே காவல் என்று இருப்பது ஊரின் மரியாதை ஒன்றுதான். ஊர் சொன்னால் இளவட்டங்கள் கேட்பார்கள். இதுவரை ஊர் சொல்லவில்லை.

விழாக் கமிட்டியாரே, நாடகம் பேசும்போது சம்பளம், வண்டி, சாப்பாடு பேசுவதோடு, எந்தக் காட்சியைப் படம் எடுக்கலாம் என்பதையும் நடிகர்களிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் சொன்னதை மைக்கில் அறிவியுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோ வெளியே வந்தால், போட்டவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும், அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.