கடலில் கிடக்கும் மீன்

மருத்துவக் காப்பீடு எடுப்பது கூடுமா என்று காயல்பட்டினத்தில் எங்கள் தெரு ஆலிம்சாவிடம் கேட்டேன். கூடாது என்றார். காரணம் மூன்று: வட்டி, சூது, கரர். கரர் என்பது வியாபாரத்தில் இருக்கும் இருட்டு. கடலில் கிடக்கும் மீனைப் பிடிக்கும் முன்பே விலை பேசுவது போல. ஜித்தாவில் இருக்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985இல் எடுத்த முடிவும் இதுதான்: நிலையான தவணை வாங்கும் வணிகக் காப்பீடு கூடாது, நன்கொடையாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை கூடும். மலேசியாவில் அதற்கென்று 1984இலேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டது. இங்கே அப்படியொரு பாலிசி வாங்கக் கிடைக்காது.

எனக்கு வயது 26. மண்ணடியில் சிறிய ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அங்கே குரூப் பாலிசி கிடையாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. என் சம்பளம் தாண்டிவிடுகிறது. "நோய் வந்தா அல்லாஹ் வழி விடுவான், மகளே" என்கிறார் வாப்பா. விடுவான்தான். அந்த வழி பெரும்பாலும் ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் ஏந்தும் துண்டாக இருக்கிறது. ஏந்தும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது, அல்லாஹ்வையே நம்பியிருக்கும் தவக்குலுக்கு எதிரானதாக எனக்குப் படவில்லை.

சூதும் பொருந்தவில்லை. சூதாடுகிறவன் ஜெயிக்க ஆசைப்படுகிறான். நானோ க்ளைம் வரவே கூடாதென்று துஆ செய்கிறேன். வட்டிக்கு மட்டும் பதில் இல்லை. பிரீமியப் பணம் கடன் பத்திரங்களுக்குப் போகிறது. வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்கிறேன்; ஹலால் என்று பெயர் சூட்டுவதில்லை.

கரரில்தான் ஆலிம்சாவோடு மாறுபடுகிறேன். எப்போது நோய் வரும் என்று தெரியாதது மனிதப் பிறவியோடு வந்தது. ஒப்பந்தம் உண்டாக்கும் இருட்டு வேறு. மலிவென்று எனக்கு முதலில் காட்டிய 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறை வாடகை நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான். 6,000 ரூபாய் அறையில் படுத்தால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாம் பாதியாக வெட்டுப்படும். விற்க வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஷரத்தில் நானே தேடிப் பிடித்தேன். அறை வரம்பும், பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் கோ-பேயும் இல்லாத 5 லட்ச ரூபாய் பாலிசிக்குப் பிரீமியம் கூடுதல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியதால் அது கைக்கு எட்டியது.

என் பக்கமும் இருட்டு இருக்கலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். "அதை எழுதாதீங்கம்மா" என்றார் ஏஜென்ட். எழுதினேன். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டு; உடம்பில் தெம்பிருக்கும் வயதில் அது கழிந்துபோகட்டும். நோயை மறைத்து வாங்குகிறவளும் பிடிக்காத மீனுக்கு விலை பேசுகிறவள்தான்.

ஃபத்வா கேட்க ஓடுகிற நாம் ஷரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். அதைப் படிப்பதும் பேணுதலில் சேரும் என்பது என் கட்சி. தகாஃபுல் இங்கே வந்தால் மாறிக்கொள்வேன். அதுவரை, நான் க்ளைம் செய்யாத ஆண்டின் பணம் முகம் தெரியாத ஒருத்தியின் டயாலிசிஸுக்குப் போகட்டும் என்று நிய்யத் வைத்துக் கட்டுகிறேன். கம்பெனி அதில் லாபம் எழுதிக்கொள்ளும். என் ஏட்டில் அது தர்மமாக, ஸதகாவாக ஏறுமா என்பதை அல்லாஹ்வே அறிவான்.