கருணைக் கடலும் கண்ணீர்க் கடலும்

ஸ்ரீ:

திருப்புல்லாணி ஆதி ஜகந்நாதப் பெருமாளை ஸேவித்து, ஸேதுக்கரையில் தீர்த்தமாட வரும் பக்தகோடிகளுள் பலர், உள்ளத்தில் ஒரு கேள்வியையும் சுமந்தே வருகின்றனர். எம்பெருமான் ஸர்வஜ்ஞன், ஸர்வசக்தன், பரமகாருணிகன். அங்ஙனமாயின் அவன் படைத்த உலகில் துன்பம் எதற்கு? தடுக்கும் சக்தியிருந்தும் தடுக்கவில்லையெனில் கருணை எங்கே? கருணையிருந்தும் தடுக்க இயலவில்லையெனில் சக்தி எங்கே?

இதனை நாஸ்திகர் கேள்வி என்று ஒதுக்கிவிடலாகாது. பிரஹ்மஸூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வியாஸ பகவானே இதனை எழுப்பி விடையிறுத்திருக்கிறார். ஒருவனுக்கு இன்பமும் மற்றொருவனுக்குத் துன்பமும் நேர்வதால், படைத்தவனுக்குப் பக்ஷபாதமும் இரக்கமின்மையும் வாராவோ என்பது கேள்வி. சிருஷ்டியானது ஜீவர்களின் கர்மத்தைப் பற்றியே நிகழ்வதால் அக்குற்றங்கள் ஈசுவரனைச் சாரா என்பது விடை. ஸ்ரீபாஷ்யத்தில் உடையவரும் இதனையே நிலைநாட்டியருளினார்.

மாரியூர்க் கடற்கரையைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை ஒன்றே. கடலாடி வட்டாரத்து மானாவாரி நிலத்திற்கு அது உயிர். மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களுக்கோ அது நஷ்டம். அங்கு உழைப்போர்க்கு அது வேலையில்லாக் காலம். ஒருவர் வாழ்த்தவும் மற்றொருவர் வருந்தவும் காரணமான மழைக்கு விருப்பு வெறுப்பு உண்டோ? பெய்யும் நீர் பொது. பயன் அதனை ஏற்கும் இடத்தைப் பொறுத்தது.

ஆயினும் மழைக்கு அறிவில்லை. எம்பெருமானோ அனைத்தும் அறிந்தவன். ஆதலால் இவ்வுவமை பக்ஷபாதம் என்னும் பழியை நீக்குமேயன்றி, அழுகின்றவர் கண்ணீரைத் துடைக்காது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாஸஞ்சர் ரயிலைக் கடல் வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. விபீஷணாழ்வானுக்குப் பெருமாள் அபயமளித்த இடமென்று போற்றப்படும் கோதண்டராமர் ஸந்நிதியோ அப்புயலிலும் நிலைத்து நின்றது. ஸந்நிதி நின்றது அருளெனின், ரயிலில் சென்றோர் அருளுக்கு அயலாரோ? “அவரவர் கர்மம்” என்று ஒரு சொல் சொல்லி நகர்ந்துவிடலாமோ?

ஆகாது. கர்மம் அநாதி என்பது சாஸ்திரம். எப்பிறவியில் செய்த எவ்வினை இன்று எப்பயனாயிற்று என்பதை ஸர்வேசுவரன் ஒருவனே அறிவான். பிறர் துயரைச் சுட்டி, “இது இவன் செய்த பாபம்” என்று உரைப்பவன், தான் அறியாததை அறிந்ததாகக் கூறுகின்றான். கர்ம ஸித்தாந்தம் ஈசுவரன்மீது வரும் பழியை விலக்க வந்ததேயன்றி, துன்புற்றோர்மீது பழி சுமத்த வந்ததன்று. தன் துன்பத்தில் பொறுமை கொள்ள அது உதவுக. பிறர் துன்பத்திலோ தயை ஒன்றே கடமை.

இதற்குச் சக்கரவர்த்தித் திருமகனே சான்று. தர்மத்திற்காகப் போராடிய ஜடாயு சிறகிழந்து வீழ்ந்தபோது, அவன் என்ன கர்மம் செய்தான் என்று பெருமாள் ஆராயவில்லை. தழுவி அழுதான், தந்தைக்குச் செய்வதுபோல் ஈமக்கடன் செய்தான். அந்தப் பெருமாளே திருப்புல்லாணியில் தர்ப்பையைப் பரப்பி மூன்று இரவுகள் கடலரசனை வேண்டிக் கிடந்தான். கடல் வாய் திறக்கவில்லை. மறுமொழியின்றிக் காத்திருக்கும் வேதனையையும் அவன் தானே ஏற்றுக்காட்டினான். இத்தலத்தைப் பாடிய திருமங்கையாழ்வாரும் பிரிவாற்றாத நாயகியாய் நின்றே முறையிட்டார். முறையிடுதல் நம்பிக்கை இழந்ததன் அடையாளமன்று. கேட்பவன் ஒருவன் உளன் என்னும் துணிவினாலன்றோ முறையீடு பிறக்கின்றது!

ஸேதுக்கரையில் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்வோர், முடிவில் தாய், தந்தை, சுற்றம் எவருமற்றோர்க்கும் தர்ப்பை நீர் வார்க்கின்றனர். அவர்களுடைய பாபம் யாது, புண்ணியம் யாது என்று சாஸ்திரம் அங்கே வினவவில்லை. அந்நீரைப் பொருளுணர்ந்து வார்ப்போமாக. கடல் கொண்டுபோனோரையும் அப்போது நினைப்போமாக. கரையேறியபின், துயருற்று அருகில் நிற்பவர்க்கும் அவ்வாறே வினவாது கைகொடுப்போமாக. எம்பெருமானின் கருணை எங்கே என்று கேட்போர்க்கு அடியார்கள் காட்டத்தக்க விடை அதுவே.

ஆதி ஜகந்நாதன் திருவடிகளே சரணம்.