சாட்சியும் கர்த்தாவும்

புகைப்படக்காரன் செய்வது வெறும் பார்வைதானா, அல்லது அதுவும் ஒரு செயல்தானா என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாக நோக்குகிறவர்களுக்குத் தொழில்காரர்கள் ஓய்வு வேளையில் பேசிப் பொழுது போக்கும் சங்கதியாகத் தோன்றலாமாயினும், நம் வேதாந்த சாஸ்திரங்கள் வெகுகாலமாக ஆராய்ந்து வந்திருக்கும் சாட்சி, கர்த்தா என்னும் பேதத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, அது அவ்வளவு சுலபத்தில் தள்ளிவிடத் தக்கதன்று என்பது விளங்கும். சாட்சிக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ஒரே மரத்தில் அமர்ந்த இரண்டு பறவைகளில் ஒன்று பழத்தைத் தின்ன, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருப்பதாக உபநிஷத்து காட்டும் காட்சியைக் கேட்டவுடன், "அந்தத் தின்னாத பறவை நான்தான்" என்று சொல்லிக்கொள்ளப் புகைப்படக்காரனுக்கு ஆசை எழுவது இயல்பே. யுத்தத்தை அவன் மூட்டவில்லை. பஞ்சத்தை அவன் வரவழைக்கவில்லை. அங்கே நின்றான், கண்டான், கண்டதைப் பிறருக்குக் காட்டினான். இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே என் விசாரம்.

இதை அந்தரத்தில் வைத்துப் பேசாமல் ஒரு மனிதரின் அன்றாட உழைப்போடு சேர்த்துப் பார்ப்பது நலம். பிரான்ஸ் தேசத்தில் 1908-ல் பிறந்த ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், 1947-ல் ராபர்ட் காப்பா, டேவிட் ஸீமோர், ஜார்ஜ் ராட்ஜர் முதலிய சகாக்களோடு 'மாக்னம்' என்னும் புகைப்படக்காரர் கூட்டுறவு ஸ்தாபனத்தை அமைத்துவிட்டு, அதே ஆண்டில், ஜாவாவில் பிறந்த நர்த்தகியான தம் மனைவி ரத்னா மோஹினியோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். கையில் அடங்கும் லைக்கா காமிராவும், 50 மில்லிமீட்டர் லென்ஸுமே அவருடைய பிரதான ஆயுதங்கள். காமிராவின் பளபளப்பு பிறர் கண்ணில் படாதிருக்க, அதன் மேல் கறுப்பு நாடாவை ஒட்டியிருப்பார். அவருடைய யாத்திரை, உல்லாசப் பயணிகளின் யாத்திரையைப்போல ஊரிலிருந்து ஊருக்குத் தாவுவதன்று. பகலெல்லாம் நடை, சுவரும் படிக்கட்டும் நிழலும் கணக்காக அமைந்த ஓர் இடம் கண்டால் அங்கே நின்று, அந்தக் கணக்கைப் பூர்த்தி செய்ய யாரேனும் வருவார் என்று காத்திருத்தல், வந்தவர் கடந்து போனதும் தாமும் சந்தடியின்றி நழுவிவிடுதல். ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். சுருள் முடிந்ததும் அதில் இன்னார், இன்ன இடம், இன்ன சமயம் என்று குறிப்பெழுதி, தூரதேசத்திலுள்ள காரியாலயத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

அனுப்பிய படங்களை அவர் காண வாரங்களும் மாதங்களும் ஆயின. படம் விழுந்ததா, மங்கிப் போயிற்றா, எந்தப் பத்திரிகை எந்தப் பக்கத்தில் போட்டது என்பதொன்றும் தெரியாமலே அடுத்த ஊரில் அடுத்த சுருளை மாட்டிக்கொண்டு அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது. பலனில் பற்றில்லாமல் கர்மத்தைச் செய் என்ற கீதோபதேசத்தை, அக்காலத்துப் பிலிமும் தபாலும் தம்மையறியாமலே தொழில்காரர்களுக்குப் பயிற்றுவித்தன என்றுகூடச் சொல்லலாம். எடுத்த மறுகணமே திரையில் பார்த்துத் திருப்தியோ அதிருப்தியோ கொள்ளும் இந்நாளைய புகைப்படக்காரனுக்கு அந்தக் கட்டாய விரதம் வாய்க்கவில்லை. ஆனால் பலனைக் காணாதிருத்தல் வேறு, பலனை விரும்பாதிருத்தல் வேறு. தம் படத்தின் ஓரத்தை எந்த ஆசிரியரும் ஒரு நூலளவுகூட வெட்டலாகாது என்று கண்டிப்புச் செய்தவர் பிரெஸ்ஸோன். அவரை நிஷ்காம கர்மி என்று நான் கூசாமல் எழுதிவிட முடியாது.

1948 ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலையில் முந்திய ஆண்டு நடந்த தம் கண்காட்சியின் புத்தகத்தைக் காட்ட, அடிகள் ஏடுகளை நிதானமாகப் புரட்டிவந்து, கவி பால் க்ளோதெல் ஒரு சவ வண்டியைப் பார்த்தபடி நிற்கும் படத்தில் தயங்கி, அதன் பொருள் என்னவென்று கேட்டு, "மரணம்" என்ற சொல்லை மும்முறை சொன்னார் என்று பிரெஸ்ஸோன் பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்துக்கெல்லாம் துப்பாக்கி வெடித்துவிட்டது. அன்றிரவு பிர்லா மாளிகை வாயிலில் ஏறி நின்று நேரு ஜனத்திரளுக்குச் செய்தி சொல்வதை, இருந்த சொற்ப வெளிச்சத்திலேயே அவர் எடுத்தார். படம் கலங்கியிருக்கிறது, கலங்கியிருப்பதே அதற்கு யோக்கியதையாகவும் இருக்கிறது. அதே இரவில் உள்ளே சென்ற அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் பூர்க்-வைட் பிளாஷ் விளக்கை அடிக்க, துக்கத்திலிருந்தவர்கள் சினந்து அவரை வெளியேற்றினார்கள். இதே அம்மையார் 1946-ல் அடிகளை ராட்டையோடு படமெடுக்க வந்தபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும், மூன்று பிளாஷ் பல்புகளுக்கு மேல் உபயோகிக்கலாகாது என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன என்பதையும் நினைவுகூர வேண்டும். அந்த நிபந்தனைகளில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நடப்பதன்மேல் தன் சொந்த வெளிச்சத்தைக் கொட்டுகிறவன் சாட்சியல்லன் என்பதைப் பார்க்கப்படுகிறவர்களே உணர்ந்து, அதற்கு ஒரு வரம்பும் கட்டினார்கள்.

விளக்கைத் தொடாத பிரெஸ்ஸோன் மட்டும் சாட்சியாகிவிடுவாரா? பாரதத்தில் துரோணர் வைத்த பரீட்சை இவ்விடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. மரத்தையும் ஆசாரியரையும் சகோதரர்களையும் பறவையையும் பார்க்கிறேன் என்று சொன்ன தருமன் விலக்கப்பட்டான்; பறவையின் தலையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்ற அர்ச்சுனனுக்கே அம்பு எய்ய அனுமதி கிடைத்தது. காமிராவுக்கு ஆசாரியர் ஒருவர் இருந்து இந்தப் பரீட்சையை நடத்தினால், அவர் தருமனையல்லவா தேர்ந்தெடுப்பார்! பறவையும், கிளையும், கீழே நிற்கும் முகங்களும், அவற்றினிடையே விழும் நிழலும் ஏககாலத்தில் தெரிந்து, அவை ஒன்றோடொன்று பொருந்தும் கணத்தில் விரலும் அசைந்தால்தான் படம். எல்லாவற்றையும் சமமாகப் பார்ப்பதனால் இது சாட்சியின் பார்வைபோலத் தோன்றுகிறது. ஆயினும் பொருத்தத்துக்காகப் பார்ப்பதனால் இது சாட்சியின் பார்வையன்று. இந்தச் சிக்கலுக்குப் பிரெஸ்ஸோன் ஒரு சமாதானம் கண்டிருந்தார். ஜப்பானிய வில்வித்தையையும் ஜென் மார்க்கத்தையும் பற்றி ஆய்கன் ஹெரிகெல் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1948-ல் வெளியிட்ட சிறு நூலை, ஓவியர் ப்ராக் அவருக்குக் கொடுத்தார். தம் தொழிலுக்கு அதையே சாஸ்திரமாக அவர் போற்றினார். நீண்ட அப்பியாசத்தால் 'நான் எய்கிறேன்' என்ற எண்ணம் தேய்ந்து, அம்பு தானே புறப்படும் நிலை ஒன்று உண்டு என்பது அந்நூலின் சாரம். அகங்காரம் அழிந்த இடத்தில் கர்த்தா ஏது என்று நாமும் தலையசைக்கத் தோன்றுகிறது. ஹெரிகெல் 1937-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்ற விவரத்தை மட்டும், அந்நூலைப் புகழ்கிறவர்கள் சாதாரணமாகச் சொல்வதில்லை.

மாக்னம் சகாக்களில் ஒருவரான ஜார்ஜ் ராட்ஜரின் விஷயம் இங்கேதான் குறுக்கே வந்து நிற்கிறது. 1945 ஏப்ரல் 15-ஆம் தேதி பெர்கன்-பெல்சன் வதைமுகாமைப் பிரிட்டிஷ் சேனை மீட்டபோது, சுமார் 60,000 பேர் குற்றுயிராகவும், ஏறக்குறைய 13,000 சடலங்கள் புதைக்கப்படாமலும் கிடந்தன. சில நாட்களில் 'லைப்' பத்திரிகைக்காக உள்ளே சென்ற ராட்ஜர், தாம் செய்துகொண்டிருப்பதைத் திடீரென்று உணர்ந்தார்: தரையில் கிடந்த பிணங்கள் படத்தின் சதுரத்துக்குள் அழகாக அமையும்படி, அவர் கால்கள் நகர்ந்துகொண்டும் கண் அளந்துகொண்டும் இருந்தன. அவர் அதை எண்ணிச் செய்யவில்லை. பல்லாண்டு அப்பியாசம் வாசனையாகப் படிந்து, தானே வேலை செய்தது. இனி யுத்தத்தைப் படமெடுப்பதில்லை என்று அவர் தீர்மானித்தார்.

வில்வித்தைக் கூடத்தில் சித்தி என்று போற்றப்படுவது எதுவோ, அதுவேதான் பெல்சன் முகாமிலும் நிகழ்ந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அங்கும் 'நான்' இல்லை. அங்கும் கை தானாகவே இயங்கியது. அங்கும் பலனைப் பற்றிய சிந்தனை இல்லை. அகங்காரம் நீங்கிய திறமை புனிதமானது என்ற எண்ணம், நம்மவரிடையிலும் ஜப்பானியரிடையிலும் எவ்வளவு வேரூன்றியிருப்பினும், அவ்வொரு காட்சியில் சாய்ந்து போகிறதென்றே நான் கருதுகிறேன். ராட்ஜர் அன்று செய்த உத்தமமான காரியம், இல்லாமற்போன 'நான்' என்பதை மறுபடி அழைத்து வந்து, "இதைச் செய்தவன் நானே" என்று ஏற்றதுதான். கர்த்திருத்துவத்தை விடுவதே விவேகம் என்று படித்தவர்களுக்கு, அதை வலியத் தோளில் ஏற்றிக்கொண்ட இந்த ஆங்கிலேயரின் செய்கை சற்றுச் சங்கடம் தருவதாகும்; தரட்டும்.

அப்படியானால் சாட்சி என்பதே பொய்யா? 1950 ஏப்ரலில் பிரெஸ்ஸோன் தம்பதிகள் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ரமண மகரிஷி நோயுற்றுக் கிடக்க, தரிசனத்துக்கு வந்தவர்கள் வரிசையாகக் கடந்து சென்றுகொண்டிருந்தார்கள்; பிரெஸ்ஸோனும் படமெடுத்தார். ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் 'திருக் திருசிய விவேகம்' என்னும் நூலை மகரிஷி தமிழில் ஆக்கியிருக்கிறார். உருவத்தைக் கண் காண்கிறது, கண்ணை மனம் காண்கிறது, மனத்தின் அசைவுகளைச் சாட்சி காண்கிறது, சாட்சியைக் காண்பார் எவருமில்லை என்பது அதன் தொடக்க விசாரம். இந்த வரிசையில் காமிராவை எங்கே வைப்பது? கண்ணுக்கும் முன்னால், உருவத்தின் பக்கத்தில்தான். லென்ஸும் விரலும் பொருத்தம் தேடும் மனமும் எல்லாம் காணப்படும் பக்கத்தைச் சேர்ந்தவையே. ஆகவே புகைப்படக்காரன் தன் தொழிலைக் காட்டி 'நான் சாட்சி' என்பது, கண்ணாடி தன்னைக் கண் என்று சொல்லிக்கொள்வதைப் போன்றதாகும். ஆனால் ராட்ஜர் பிணங்களினிடையே தம் மனம் செய்த காரியத்தைக் கண்டுகொண்டாரே, அப்படிக் கண்டது எது? சாட்சி என்ற பெயருக்கு யோக்கியதையுள்ளது அதுவே. அது படத்தை எடுக்கவில்லை, எடுத்தவனைப் பிடித்தது.

ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு, ஒளிவால் கொண்ட நட்சத்திரமொன்று தெற்கிலிருந்து மெல்ல வானத்தைக் கடந்து அருணாசலத்தின் பின்னே மறைவதைப் பிரெஸ்ஸோன் கண்டு, உடனே நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஆசிரமத்துக்கு விரைந்தார். மகரிஷி அந்நேரத்தில்தான் சமாதியடைந்திருந்தார். இதை எவ்வாறு பொருள் கொள்வதென்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஒளியைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதர், இந்த ஒளியைப் பற்றிச் சொல்லால் மட்டுமே சாட்சியம் கூறினார். 1970-களின் தொடக்கத்தில் காமிராவை அநேகமாக ஒதுக்கி வைத்துவிட்டு, 2004-ல் இறக்கும்வரை சித்திரம் வரைவதிலேயே அவர் ஈடுபட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட்டு, ராட்ஜரிடம் திரும்புகிறேன்; ஏனெனில் கர்மத்தின் கணக்கு அவரிடத்தில் இன்னும் தீரவில்லை.

யுத்தத்தை விட்டு விலகிய ராட்ஜர், ஆப்பிரிக்காவில் நெடும்பயணம் செய்து, 1949-ல் சூடான் நாட்டின் நூபா மலைவாசிகளிடம் தங்கினார். மல்யுத்தத்தில் வென்ற வீரன் ஒருவனை மற்றொருவன் தோளில் சுமந்து வரும் படம் அப்போது எடுக்கப்பட்டதே. பெல்சனைக் கண்ட கண்கள் அங்கே ஆரோக்கியமான மனித சரீரத்தை எவ்வளவு தாகத்தோடு பார்த்திருக்க வேண்டும் என்பதை அப்படத்தைக் கண்டவர் அறிவர். அதைக் கண்டவர்களுள் ஒருவர், ஹிட்லரின் நியூரம்பர்க் மாநாட்டைத் திரைப்படமாக்கிய லேனி ரீஃபன்ஷ்டால். நூபாக்களிடம் செல்ல வழி சொன்னால் பணம் தருவதாக அவர் ராட்ஜருக்கு எழுதினார். உம் பூர்வோத்தரத்தையும் என் பூர்வோத்தரத்தையும் எண்ணும்போது நாம் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை என்ற கருத்தில் ராட்ஜர் பதிலெழுதிவிட்டார். அப்பெண்மணி 1960-களில் தாமே வழி தேடிச் சென்று, நூபா மல்லர்களைப் படமெடுத்து, 1973-ல் பெரிய வண்ணப் புத்தகமாக வெளியிட்டார்.