ருசியறிந்தவனின் செருக்கு

நல்லதற்கும் அல்லாததற்கும் உள்ள வேற்றுமையை நுணுகி அறியும் திறமை ஒருவனுக்கு வாய்த்துவிட்டால், அத்திறமை வாய்க்காதவனைத் தாழ்வாக எண்ணும் உரிமையும் அவனுக்குக் கூடவே வந்துவிடுகிறதா என்ற கேள்வி, தத்துவ சாஸ்திரிகளையும் சமயப் பெரியோர்களையும் நெடுங்காலமாகக் கவலைப்படுத்தி வந்திருக்கிறது. சங்கீதத்தையோ சித்திரத்தையோ இலக்கியத்தையோ முன்னிட்டு இக்கேள்வியை எழுப்பினால், பெரிய பெரிய பெயர்கள் குறுக்கே வந்து நின்று நம் சிந்தனையை மயக்கிவிடும். ஆகையால் உலகம் அவ்வளவாக மதிக்காத ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு விசாரிப்பது நல்லது என்று நினைக்கிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறு ஆலைகளில் காய்ச்சப்படும் 'கிராஃப்ட் பீர்' என்னும் பானத்தில் ஈடுபாடு கொண்டவர்கள், பேராலைகளிலிருந்து கோடிக்கணக்கான டப்பாக்களில் வெளிவரும் மலிவு விலைப் பீரைப் பற்றியும், அதை வாங்கிக் குடிக்கிறவர்களைப் பற்றியும் கொண்டிருக்கும் மனோபாவமே அந்தச் சிறு பொருள்.

மதுவை அறவே விலக்கியவர்கள் இந்த விசாரம் தங்களுக்கு எதற்கு என்று எண்ணிவிட வேண்டாம். குடிப்பது தகுமா தகாதா என்பது இங்கே வழக்கு அன்று. அந்த வழக்கில் அவர்கள் பக்கமே வலுவான நியாயங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் இங்கே ஆராயப்படும் செருக்கு, விரதம் காப்பவனையும் அதே வேகத்தோடு வந்து பற்றக்கூடியதாகையால், அவர்களுக்கும் இதில் அக்கறை இருக்க நியாயம் உண்டு.

முதலில் கிராஃப்ட் பீர் அபிமானிகளின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது அற்பமானது அல்ல. 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் நடைமுறையில் இருந்த மதுவிலக்கு, ஊருக்கு ஊர் இருந்த சிறு பீர் ஆலைகளில் பெரும்பாலானவற்றை அழித்தது. சட்டம் நீங்கிய பிறகு தலையெடுத்தவற்றையும் பேராலைகளின் போட்டி ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கியது. 1970-களின் இறுதியில் அத்தனை பெரிய தேசத்தில் பீர் காய்ச்சும் கம்பெனிகள் நூறுகூட எஞ்சவில்லை. எஞ்சியவை காய்ச்சியதும் ஏறத்தாழ ஒரே பானந்தான்: வெளிறிய நிறமும் மெல்லிய சுவையும் கொண்ட லாகர். இந்த வறட்சி பரவிவந்த காலத்தில்தான், 1965-இல், சான் பிரான்சிஸ்கோவில் மூடப்படும் தறுவாயில் இருந்த ஆங்கர் ஆலையின் பெரும்பங்கை ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர் வாங்கி, அதைத் தூக்கி நிறுத்துவதில் தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஜாக் மெக்காலிஃப் என்பவர், கடற்படையில் பணிபுரிந்தபோது ஸ்காட்லாந்தில் அருந்திய ஏல் என்ற பீர் வகைகளின் நினைவை விட முடியாமல், பால்பண்ணைகள் கழித்துப்போட்ட கலங்களைக் கொண்டு 1976-இல் சொனோமாவில் 'நியூ ஆல்பியன்' என்ற சிற்றாலையைத் தம் கையாலேயே எழுப்பினார். ஆறே ஆண்டுகளில் அது மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் மனத்தில் விழுந்த விதை அழியவில்லை. வீட்டில் பீர் காய்ச்சுவதைக் குற்றமாக்கியிருந்த மத்திய சட்டம் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டரின் கையெழுத்தோடு தளர்ந்தது. சிக்கோ என்ற ஊரில் கென் கிராஸ்மன் 1980-இல் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏல், அமெரிக்க மண்ணில் விளைந்த, பீருக்கு மணமூட்டும் கஸ்கேட் ஹாப்ஸ் பூவின் வாசனையைத் தேசம் முழுவதற்கும் அறிமுகம் செய்தது. ஆகவே இந்த அபிமானம் பணக்கார வேடிக்கையாகத் தோன்றியது அன்று. மறைந்துபோகவிருந்த ஒரு கலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தாபத்தில் பிறந்தது. அந்தத் தாபத்தை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன்.

ருசி பேதம் என்பது வெறும் கற்பனை, அவனவன் நாக்குக்கு அவனவன் ராஜா என்று சொல்லி இந்த வழக்கைத் தள்ளிவிடவும் முடியாது. டேவிட் ஹ்யூம் 1757-இல் வெளியிட்ட ரசனையைப் பற்றிய கட்டுரையில், செர்வான்டஸின் டான் குவிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்து ஆள்கிறார். நாவலில் வரும் சாஞ்சோவின் உறவினர் இருவரிடம் ஒரு பெரிய பீப்பாய்த் திராட்சை மதுவைப் பரீட்சிக்கச் சொன்னார்கள். ஒருவர் சுவைத்துவிட்டு, நல்ல மதுதான், ஆனால் இலேசாகத் தோல் வாடை வருகிறது என்றார். மற்றவர், நல்லதுதான், ஆனால் இரும்பின் சுவை தட்டுகிறது என்றார். சுற்றி நின்றவர்கள் இருவரையும் எள்ளி நகையாடினார்கள். கடைசியில் பீப்பாய் காலியானபோது, அடியில் தோல் வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடந்தது. நாவின் நுட்பம் பொருளில் உண்மையாகவே இருப்பதைத்தான் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஹ்யூம் காட்டும் சாட்சி இது. நான் இக்கதையில் வேறொன்றையும் கவனிக்கிறேன்: அதில் பரிகாசத்துக்கு ஆளானவர்கள் ருசியறிந்தவர்கள், பரிகசித்தவர்கள் கூட்டத்தார். உறவினர் இருவரும் மதுவின் குறையைச் சொன்னார்களேயன்றி, அம்மதுவைக் குடித்து மகிழ்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கிராஃப்ட் பீர் அபிமானிகளில் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒரு பானத்தில் சாரம் இல்லை என்பது பானத்தைப் பற்றிய தீர்ப்பு. சரியாகவோ தவறாகவோ இருக்கலாம், ஆனால் நியாயமான தீர்ப்பு. அதைக் குடிப்பவன் நாக்கற்றவன், விளம்பரத்துக்கு அடிமைப்பட்டவன், சிந்திக்கத் தெரியாதவன் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லும்போது, தீர்ப்பு பானத்தை விட்டு மனிதன்மீது பாய்ந்துவிடுகிறது. இந்தத் தாவலுக்கு எந்தச் சாவியும் சாட்சி சொல்வதில்லை. லூக்கா சுவிசேஷத்தில் வரும் பரிசேயன், தான் வாரம் இருமுறை உபவாசம் இருப்பதையும் சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதையும் ஆலயத்தில் நின்று கடவுளிடம் எடுத்துச் சொல்லி, அங்கே நின்ற வரி வசூலிப்பவனைப்போல் தான் இல்லாததற்கு நன்றியும் செலுத்தினான். அந்த உவமையைப் படிப்போர் பலர் அவனை வேஷக்காரன் என்று எண்ணிவிடுகிறார்கள். அவன் பொய் சொன்னதாகக் கதையில் எங்கும் இல்லை. அவன் உபவாசம் மெய்யான உபவாசம். அவன் தானம் மெய்யான தானம். தொழுகையின் நடுவே பக்கத்தில் இருந்தவனைக் கடைக்கண்ணால் அளந்தானே, அந்த ஒரு பார்வையே அத்தனை மெய்யையும் கெடுத்தது.

இனி, பானத்தைப் பற்றிய தீர்ப்பாவது சரிதானா என்று பார்க்க வேண்டும். மலிவுப் பீரை ஏசுவோர் பெரும்பாலும் முதலில் எடுக்கும் ஆயுதம், அதில் அரிசியும் மக்காச்சோளமும் கலக்கிறார்கள், செலவைக் குறைக்கச் செய்த வஞ்சனை அது என்பது. சரித்திரம் அவ்வளவு எளிதாக இல்லை. போஹீமியாவின் பில்சன் நகரில் 1842-இல் ஜோசப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகரின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவிய பிறகு, அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் அதே தெளிவையும் மென்மையையும் புது மண்ணில் கொண்டுவர முயன்றார்கள். அங்கே விளைந்த ஆறு வரிசைப் பார்லியில் புரதம் மிகுதி. அதை மட்டும் கொண்டு காய்ச்சினால் பீர் கலங்கலாகவும் கனமாகவும் முடிந்தது. அரிசியையும் சோளத்தையும் சேர்த்தபோது கலங்கல் நீங்கித் தெளிவு வந்தது. 1876-இல் செயின்ட் லூயிஸில் பிறந்த பட்வைசர், அரிசி சேர்ந்த இவ்வகையைச் சேர்ந்தது. பின்னாளில் கம்பெனிகள் செலவைக் கருதியே சுவையை மேலும் மேலும் மெலிவித்தன என்பது வேறு விஷயம். தொடக்கத்தில் அது ஒரு தொழிலாளியின் கையறிவு.

மேலும், மெல்லிய லாகரைக் குற்றமின்றிக் காய்ச்சுவது மிகக் கடினமான காரியம் என்பதைக் காய்ச்சுகிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஹாப்ஸை வாரி இறைத்த பீரில் ஈஸ்ட் செய்த சிறு பிழைகள் அந்த மணத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். லாகரிலோ, நொதித்தல் சற்றே பிசகினாலும் வெண்ணெய் வாடையோ பச்சை ஆப்பிள் வாடையோ வேகவைத்த சோளத்தின் வாடையோ உடனே மேலெழுந்துவிடும்; பக்கவாத்தியம் இல்லாமல் தனியே பாடுகிறவரின் அபஸ்வரத்துக்கு ஒளிய இடம் இல்லாததுபோல. ஆண்டுதோறும் மாறும் பார்லி விளைச்சலையும், ஊருக்கு ஊர் வேறுபடும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, பல நகரங்களில் உள்ள ஆலைகளில் ஒரே சுவையை இடைவிடாமல் கொண்டுவருவதை, அச்சுவை எனக்கு உகந்ததோ இல்லையோ, கைத்திறன் அன்று என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

அரிசியும் சோளமும் கூடாது என்ற இந்த ஆசாரத்தின் பெயரால் ஓர் அநீதியும் நேர்ந்தது. சிற்றாலைகளின் சங்கமான 'புரூவர்ஸ் அசோசியேஷன்' 2012-இல், மெய்யான கிராஃப்ட் ஆலைகள் எவை, அல்லாதவை எவை என்று பிரித்து ஓர் அறிக்கை வெளியிட்டபோது, மினசோட்டா மாநிலம் நியூ உல்ம் ஊரில் 1860 முதல் ஒரே குடும்பத்தாரிடம் இருந்துவரும் ஷெல் ஆலை, சோளம் சேர்க்கிற காரணத்துக்காகப் புறத்தே தள்ளப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பேராலைகளின் போட்டியைத் தாங்கிப் பிழைத்து வந்த ஒரு சிறு ஸ்தாபனத்தை, அதன் முன்னோர் கைக்கு எட்டிய தானியத்தைக் கொண்டு காய்ச்சினார்கள் என்பதற்காகப் பந்திக்கு வெளியே நிறுத்துவதா என்று அவ்வாலையார் வேதனையோடு எழுதினார்கள். 2014-இல் சங்கம் தன் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டது. திருத்தியது பெருமைக்குரியது. ஆனால் காப்பாற்றுவதற்காக எழுந்த ஓர் இயக்கம், தான் காப்பாற்ற வேண்டியவனையே தீட்டென்று விலக்க எத்தனை விரைவில் கற்றுக்கொண்டது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வாதத்தை இங்கே சிலர் துணைக்கு அழைக்கக்கூடும். 1861-இல் வெளியான பயன்வாதம் பற்றிய கட்டுரைகளில் அவர், இரண்டு இன்பங்களில் எது உயர்ந்தது என்பதை இரண்டையும் அனுபவித்து அறிந்தவனே தீர்மானிக்கத் தகுந்தவன் என்று வாதிக்கிறார். நான் இரண்டையும் குடித்தவன், அவனோ ஒன்றையே குடித்தவன்; ஆகவே என் சொல்லே பிரமாணம் என்று அபிமானி சொல்லலாம். ஆனால் அந்த நிபந்தனை, இரண்டையும் ஒருகாலத்தில் சுவைத்ததாலேயே நிறைவேறிவிடுவதில்லை. இரண்டையும் அனுபவிக்கும் சக்தி இப்போதும் அவனிடம் இருக்க வேண்டும். பதினைந்து வகை ஹாப்ஸின் பெயரைச் சொல்லும் நாக்கு, வெயிலில் எட்டு மணி நேரம் கூரை வேய்ந்துவிட்டு இறங்கிய ஒருவன் குளிர்ந்த டப்பாவைத் திறக்கும்போது அடையும் ஆறுதலை உணரும் ஆற்றலை இழந்துவிட்டிருந்தால், அந்த நாக்குக்குரியவன் மில்லின் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர முடியாது. இந்தத் தகுதி எஞ்சியிருப்பது பெரும்பாலும் காய்ச்சுகிறவர்களிடந்தான். நாள் முழுவதும் கனத்த பீர்களைக் காய்ச்சிவிட்டு, வேலை முடிந்தபின் மெல்லிய லாகரைத் தேடி எடுப்பவர்கள் அவர்களில் பலர் உண்டு.

பேராலைகளை நடத்தும் கம்பெனிகள்மீது கோபம் கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். 2015-இல், தேசமே பார்த்துக்கொண்டிருந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே, பூசணியும் பீச் பழமும் சேர்ந்த ஏலை முகர்ந்து ஆராய்கிறவர்களை ஏளனம் செய்து பட்வைசர் ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதே வகைப் பீரைக் காய்ச்சியிருந்த சியாட்டிலின் எலிசியன் ஆலையை வாங்கப்போவதாக அதே கம்பெனி அறிவித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. ஒரு கையால் வாங்கி மறு கையால் அவமதிக்கும் இச்செயலைக் கண்டு சினம் வராதவன் சிரத்தையற்றவன். ஆனால் அந்தச் சினம் போய்ச் சேர வேண்டிய இடம் கம்பெனியின் நிர்வாக அறை. மதுக்கடையில் ஒரு மூலையில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அதில் என்ன சம்பந்தம்?

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்லண்ட் முதலிய நகரங்களின் இளைஞர்கள், நாகரிகப் பகட்டுக்கு மறுப்பாகப் பாப்ஸ்ட் புளூ ரிப்பன் என்ற மலிவுப் பீரைத் தங்கள் சின்னமாக ஏற்றார்கள். உழைப்பாளியின் பானம் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் மில்வாக்கியில் இருந்த பாப்ஸ்ட் ஆலை 1996-இலேயே மூடப்பட்டு, அதன் தொழிலாளர்கள் கலைந்துபோயிருந்தார்கள். பின்பு மில்லர் கம்பெனிதான் ஒப்பந்தத்தின் பேரில் அதைக் காய்ச்சிக் கொடுத்தது. எளிமையை ஆபரணமாக அணிந்துகொள்வதும் பக்கத்தில் இருப்பவனை அளக்கும் பார்வையின் இன்னொரு முகமே என்று எனக்குத் தோன்றுகிறது.

பீரை மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றவர்களில் பெல்ஜியத்தின் டிராப்பிஸ்ட் துறவிகளை ஒதுக்கிவிட முடியாது. ஷிமே மடத்தின் நீலப் பீர் ஒன்பது சதவீத ஆல்கஹால் கொண்ட கனத்த பானம். உலகெங்கும் உள்ள ரசிகர்கள் அதை ஆண்டுக்கணக்கில் நிலவறையில் வைத்துப் போற்றுகிறார்கள். அதே மடத்தில் துறவிகள் தங்கள் உணவு மேஜைக்கென்று காய்ச்சிக்கொண்டதோ 4.8 சதவீதமே உள்ள 'தோரே' என்ற மெல்லிய பீர். நெடுங்காலம் அது வெளியே விற்பனைக்கும் வந்ததில்லை. அவர்கள் பின்பற்றுவது ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த விதி. அவ்விதியின் நாற்பதாம் அத்தியாயம் துறவிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு திராட்சை மது போதும் என்று நிர்ணயிக்கிறது. அந்த அளவும் கிடைக்காத இடத்தில் வாழ்கிறவர்கள் கடவுளை வாழ்த்த வேண்டுமேயன்றி முணுமுணுக்கலாகாது என்றும் வற்புறுத்துகிறது. ஆனால் அந்த அளவைக் கூறுமுன் முனிவர் சற்று நிற்கிறார். கடவுள் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு வரத்தைக் கொடுத்திருக்கிறார் என்ற பவுல் அடிகளின் கருத்தை நினைவூட்டி, ஆகையால் பிறருடைய உணவுக்கும் பானத்துக்கும் அளவு சொல்லத் தமக்குத் தயக்கமாக இருக்கிறது என்கிறார். தமக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்துகொடுத்த சீடர்கள் விஷயத்தில் அவருக்கு அத்தயக்கம் இருந்தது. எவ்விதச் சத்தியமும் செய்துகொடுக்காத அந்நியன் ஒருவன் தன் கூலியில் வாங்கிய பானத்தின் விஷயத்தில் அது நம்மில் பலருக்கு இல்லை.