மூப்பும் முறுவலும்

ஸ்ரீ:

திருப்பருத்திக்குன்றத்திலிருந்தும் பிள்ளையார்பாளையத்துத் தறித்தெருக்களிலிருந்தும் தொலைவூர்களிலிருந்தும் உத்ஸவத்தை ஸேவிக்கக் குழுமியிருக்கும் பாகவதர்களே!

கச்சிநகரில் மனிதரின் வயதை அளக்கப் பஞ்சாங்கத்தையன்றி வேறோர் அளவுகோலும் உண்டு. அனந்தஸரஸ்ஸின் நீருக்கடியில் பள்ளிகொண்டிருக்கும் அத்திவரதர் நாற்பதாண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுகிறார். 1939, 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு ஸேவை ஸாதித்தார். ஒருமுறை ஸேவித்தவர் இன்னும் இளையவராக இருக்கக்கூடும். இருமுறை ஸேவித்தவர்க்குத் தலை நரைத்திருக்கும். மும்முறை ஸேவித்தவரையோ, வரதரை ஸேவித்த கையோடு ஊரே வந்து ஸேவிக்கும்! 1979-இல் ஐந்து வயதில் தந்தையின் தோள்மீதிருந்து கண்டவனுக்கு 2019-இல் நாற்பத்தைந்து. அப்போது தந்தையைக் கைத்தாங்கலாக அழைத்து வரவேண்டியவன் அவனே. 2059-இல் அவனுக்கு எண்பத்தைந்து ஆகும். யார் கையைப் பற்றிக்கொண்டு வருவான், வருவானோ மாட்டானோ என்பது வரதர் ஒருவர்க்கே வெளிச்சம்.

2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நாற்பத்தெட்டு நாள், முதலில் சயனத் திருக்கோலத்திலும் ஆகஸ்டு முதல் நின்ற திருக்கோலத்திலும் அவர் காட்சி தந்தபோது, திரண்ட கூட்டத்தில் முதியோர் எத்துணைப் பேர்! அவர்கள் உள்ளத்தில் ஓடிய கணக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: அடுத்த முறை இவர் மேலே வருமுன் நாம் மேலே போயிருப்போம்.

இக்கணக்கை நமக்கு முன்னே போட்டுப் பார்த்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார். திருமாலையிலே ஆயுளை நூறென்றே தாராளமாக வைத்துக்கொள்கிறார். அதிற் பாதியை உறக்கம் கொண்டுபோகிறது. எஞ்சிய ஐம்பதில் ஒன்றுமறியாப் பிள்ளைமையும், அறிந்தும் கேளாத இளமையும், பசியும், பிணியும், மூப்பும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. கணக்கை முடித்துப் பார்த்தால் கையிருப்பு ஒன்றுமில்லை. எனவே பிறவியே வேண்டா என்று அரங்கனிடம் விண்ணப்பிக்கிறார். விப்ரநாராயணராய் இருந்த காலத்தில் தேவதேவியின் வாயிலில் நாட்களைத் தொலைத்தவர் அவர். தொலைத்தவர் எழுதிய கணக்காதலின் அதில் ஒரு தம்பிடியும் தவறவில்லை.

இவ்வூர் நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. மூன்றாம் சேலையில் கைவைக்கும்போதே, பாவு தீர்ந்துவருவது கண்ணுக்குத் தெரியும். அடுத்த பாவுக்குச் சொல்லி வைத்துவிடுவார். ஆயுட்பாவு அப்படிக் கண்ணிற்படுவதில்லை. குழித்தறியில் இளமை தொட்டே காலைக் குழிக்குள் வைத்துப் பழகியவர்களுக்கு அச்சம் சற்றுக் குறைவு என்று வேண்டுமாயின் சொல்லலாம்.

பெரியாழ்வார் இன்னும் ஒருபடி மேலே சென்று, உயிர்போகும் வேளையையே நாடகமாக்கிக் காட்டுகிறார். படுத்திருப்பவரைச் சுற்றி உற்றார் அமர்ந்திருக்கின்றனர். மருந்து கேட்டதா, வலி உண்டா என்ற பேச்சில்லை. எங்கேனும் பொருளை வைத்து மறந்ததுண்டாயின் இப்போதே சொல்லிவிடு என்று காதருகே குனிகின்றனர். அவரோ வாய் திறக்க இயலாமற் கிடக்கிறார். படிக்கும்போது சிரிப்பு வரும். நம் வீட்டுக் கூடத்தை நினைத்தவுடன் அச்சிரிப்பு அடங்கும். நா எழாத அவ்வேளையை நம்பலாகாதென்றே, நினைவு தெளிவாயுள்ள இப்பொழுதே அரங்கனிடம் சொல்லிவைத்துவிட்டதாகப் பிறிதொரு பதிகத்தில் அவர் அருளிச்செய்கிறார். பாவு தீருமுன் சொல்லிவைக்கும் நெசவாளரின் முன்யோசனை இங்கும் இருக்கிறது.

மூப்பே வாராதிருந்தால் எப்படி? பட்டுத்தறிகளுக்கு அணித்தே பருத்தியின் பெயர் தாங்கிய திருப்பருத்திக்குன்றத்தில், சமணர்களின் திரைலோக்யநாதர் ஆலயம் உள்ளது. 1387-இல் விஜயநகரத்து அமைச்சர் இருகப்பர் அங்கே கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்திலே, நேமிநாதர் வரலாற்றோடு கண்ணன் கதையும் ஓவியமாக விளங்குகிறது. அவ்வாலயத்துக் குராமரம் வளர்வதுமில்லை, குறைவதுமில்லை என்பர். அதைக் கேட்பவர்க்கு, நமக்கும் அப்படி வாய்க்கலாகாதா என்று தோன்றும். காஞ்சியில் ஒரு பல்லவ மன்னனுக்குத் தோன்றத்தான் செய்தது.

திருமழிசையாழ்வார் திருவெஃகாவில் எழுந்தருளியிருந்த காலத்தில், ஒரு கிழவி நாடோறும் வந்து அவரிடத்தைத் திருவலகிட்டு மெழுகுவாள். மனமுவந்த ஆழ்வார், வேண்டுவது யாது என்றார். மூப்பினால் கைங்கர்யம் தடைப்படுகிறது, இளமை வேண்டும் என்றாள். அருளினார். இளநங்கையான அவளைக் கண்ட மன்னன் மணந்துகொண்டான். ஆண்டுகள் சென்றன. அரசனுக்கு நரை ஏறியது, அரசிக்கு ஏறவில்லை! மயிர்ச்சாயம் விற்கும் கடை அன்று காஞ்சியில் இருந்திருப்பின் இக்கதை இவ்விடத்தோடு முடிந்திருக்கும். இல்லாமையால், மன்னன் ஆழ்வாரின் சீடரான கணிகண்ணரை வரவழைத்து, உம் ஆசார்யரை அழைத்துவாரும் என்றான். அவர் யார் வாயிலுக்கும் வாரார் என்றார் கணிகண்ணர். அப்படியாயின் நீரே என்னைப் பாடும் என்றான். மானிடரைப் பாடுவதில்லை என்றார். ஊரைவிட்டுப் போம் என்றான் மன்னன்.

கிழவி கேட்டதும் மன்னன் கேட்டதும் ஒரே இளமைதான். அவள் துடைப்பத்தைப் பிடிக்கக் கேட்டாள். அவன் கண்ணாடியைப் பார்க்கக் கேட்டான். ஆழ்வாரோ நாலாயிரத்தெழுநூறு ஆண்டு வாழ்ந்தார் என்று பெரியோர் பணிப்பர். அத்துணை நெடிய ஆயுளுடையவர், சீடன் போகிறானென்று கேட்டவுடன் ஒரு கணமும் தாமதியாமல் எழுந்தார். தமக்கும் இங்கே இருப்பில்லை, நீரும் அரவப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு புறப்படும் என்று பெருமாளிடம் பாட்டிலேயே சொன்னார். பெருமாளும் புறப்பட்டார். அன்றிரவு மூவரும் தங்கிய இடம் ஓரிரவிருக்கை. இன்று ஓரிக்கை என வழங்குகிறது. ஊர் இருண்டது. மன்னன் ஓடிச்சென்று அடிபணிந்தான். ஆழ்வார் மீண்டும் ஒரு பாட்டுச் சொல்ல, எம்பெருமான் திரும்பிவந்து படுக்கையை விரித்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற திருநாமம் நிலைத்தது.

மன்னனுக்கு இளமை கிட்டியதாகக் கதையில் இல்லை.

வரதரை ஸேவித்துத் திரும்புவோர், அருகிலுள்ள திருவெஃகாவுக்கும் சென்று ஸேவிப்பீராக. மற்றத் தலங்களில் பள்ளிகொண்டிருக்கும் திசைக்கு மாறாகச் சயனித்திருக்கிறார். போய்த் திரும்பிவந்தவர் படுத்த படுக்கை அது.